நொடிக்கு 25 முறை: ஸ்டில் கேமராவை வீடியோவுக்குச் சோதித்தல்

ஸ்டில் கேமரா ஒன்றின் வீடியோ தரத்தை எடைபோடுகிறவர்கள் பெரும்பாலும் செய்யும் முதல் வேலை, எடுத்த வீடியோவை நிறுத்தி, ஒரு பிரேமை, அதாவது வீடியோவிலுள்ள தனிப் படம் ஒன்றை, பெரிதாக்கிப் பார்ப்பது. இமைமுடி தனித்தனியாகத் தெரிகிறதா, எழுத்துகளின் ஓரம் உடைகிறதா, இருட்டுப் பகுதி மணல்மணலாக இருக்கிறதா என்று ஆராய்ந்துவிட்டுத் தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பு ஒரு புகைப்படத்தைப் பற்றியது. வீடியோ எடுக்கும்போது கேமரா படும் பாட்டை அது தொடவே இல்லை. புகைப்படத்துக்கு சென்சார் ஒருமுறை ஒளியை வாங்கி, படத்தைக் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடலாம். வீடியோவில் அதே சென்சாரை நொடிக்கு 25 முறையோ 50 முறையோ படிக்க வேண்டும். படித்ததைச் சிறிதாக்க வேண்டும், சுருக்க வேண்டும், கார்டில் எழுத வேண்டும். இவற்றை எழுதிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பிரேம் வந்து நிற்கும். கோளாறுகள் எல்லாம் இந்தத் தொடர்ச்சியில்தான் ஒளிந்திருக்கின்றன. அசைவிலும் நேரத்திலும் சோதிக்காத கேமராவைச் சோதித்ததாகவே நான் கருதுவதில்லை.

இதற்கான காரணம் இந்தக் கேமராக்களின் பிறப்பிலேயே இருக்கிறது. வீடியோ எடுக்கும் முதல் டிஜிட்டல் எஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்து லென்ஸ் வழியே பார்க்கும்) கேமராவாக நிக்கான் டி90, 2008 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. 1280×720 பிக்சல், நொடிக்கு 24 பிரேம், ஒரு துண்டு அதிகபட்சம் 5 நிமிடம். அடுத்த மாதமே கேனான் 5டி மார்க் 2 அறிவிக்கப்பட்டது. 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள முழுஅளவு சென்சாரில் 1920×1080 வீடியோ என்பது அன்றைக்குப் பெரிய செய்தி. பின்புலம் மங்கி முகம் மட்டும் துலங்கும் தோற்றம் அதுவரை சினிமா கேமராவும் அதற்கான பணமும் வைத்திருந்தவர்களுக்கே வாய்த்திருந்தது. ஆனால் அந்தக் கேமராவை வடிவமைத்தவர்கள் மனத்தில் இருந்தவர் செய்திப் புகைப்படக்காரர். வெளிவந்தபோது அதில் வீடியோவுக்குக் கையால் எக்ஸ்போஷர் (படத்துக்கு வேண்டிய ஒளியளவு) வைக்க வழியில்லை. நொடிக்கு 30 பிரேம் தவிர வேறு வேகமும் இல்லை. பழைய நிக்கான் லென்ஸ்களில் ஒளி நுழையும் துளையான அபெர்ச்சரைக் கையால் திருப்பும் வளையம் உண்டு என்பதால், அவற்றை அடாப்டர் போட்டுப் பொருத்திச் சமாளித்தார்கள். கையால் எக்ஸ்போஷர் வைக்கும் வசதி 2009 ஜூனில்தான் மென்பொருள் புதுப்பிப்பாக வந்தது. 24, 25 பிரேம் வேகங்களுக்கு 2010 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டே அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான ‘ஹவுஸ்’, தன் ஆறாம் பருவத்தின் இறுதிப் பகுதியை இந்தக் கேமராவில் எடுத்தது.

அதன்பின் கேமராக்கள் வெகுதூரம் வந்துவிட்டன. ஆனாலும் புகைப்படத்துக்காகச் செய்த உடலில் வீடியோவைக் குடிவைத்திருக்கும் நிலை இன்னும் முழுதாக மாறவில்லை. சோதிக்கிறவர் தேட வேண்டியது அந்த ஒட்டு எங்கே தெரிகிறது என்பதைத்தான்.

சென்சாரில் எத்தனை பிக்சல், படத்தில் எத்தனை?

5டி மார்க் 2-இன் சென்சாரில் 5616×3744, அதாவது ஏறக்குறைய 2.1 கோடி பிக்சல்கள். வீடியோவுக்குத் தேவை 1920×1080, சுமார் 20.7 லட்சம். பத்தில் ஒரு பங்கு. மீதியை என்ன செய்வது? எல்லாவற்றையும் படித்துச் சராசரி எடுக்கலாம். அதற்கு அன்றைய சென்சாருக்கும் செயலிக்கும் வேகம் போதவில்லை. ஆகவே ஏறத்தாழ மூன்று வரிசைக்கு ஒரு வரிசையை மட்டும் படித்துவிட்டு மற்றவற்றைத் தாண்டிப் போனார்கள். தாண்டிய வரிசைகளில் விழுந்த ஒளி வீணாயிற்று. அது மட்டுமானால் பெரிய இழப்பில்லை. நுண்ணிய கோடுகள் படிக்கும் வரிசைகளுக்கும் தாண்டும் வரிசைகளுக்கும் இடையே மாறிமாறி விழும்போது, உண்மையில் இல்லாத அகன்ற அலைக்கோலங்கள் படத்தில் முளைக்கின்றன. மோரே என்று இதைச் சொல்வார்கள். சென்சாரின் பிக்சல்கள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறிமாறி அமைந்திருப்பதால், அந்த அலைகள் வானவில் நிறத்தையும் பூசிக்கொண்டு வரும்.

இதைத் தடுப்பதற்கென்றே சென்சாரின் முன்னால் படத்தை இம்மியளவு மங்கலாக்கும் ஒரு கண்ணாடித் தகடு வைப்பதுண்டு. அந்தத் தகடு எவ்வளவு மங்கலாக்க வேண்டும் என்பதைப் புகைப்படத்தின் பிக்சல் இடைவெளியை வைத்தே கணக்கிடுகிறார்கள். வீடியோவில் மூன்று வரிசைக்கு ஒன்று படிக்கும்போது இடைவெளி மூன்று மடங்காகிவிடுகிறது; தகடோ பழைய கணக்கிலேயே நிற்கிறது. புகைப்படத்தில் மாசுமருவற்றுத் தெரியும் சட்டை, அதே கேமராவின் வீடியோவில் நெளிவதன் காரணம் இதுதான். 2012-இல் வந்த 5டி மார்க் 3-இன் சென்சார் அகலம் 5760 பிக்சல். 1920-ஐ மூன்றால் பெருக்கினால் வருவது அதே எண். மும்மூன்று பிக்சல்களைச் சேர்த்துப் படித்ததால் அலைக்கோலம் பெருமளவு அடங்கியது. படம் கொஞ்சம் மென்மையாகத் தெரிந்ததைப் பலர் குறையாகச் சொன்னார்கள். நெளியும் கூர்மையைவிட நெளியாத மென்மை எவ்வளவோ மேல் என்பது என் கட்சி. கூர்மையைப் பிறகு எடிட்டிங்கில் ஓரளவு கூட்டிக்கொள்ளலாம்; படத்தில் ஏறிவிட்ட வானவில்லை இறக்குவது பெரும்பாடு.

இன்றைய 24 மெகாபிக்சல் கேமராக்களில் நல்லவை, 16:9 வடிவில் கிடைக்கும் 6000×3375 பிக்சல்களையும் படித்து அதிலிருந்து 3840×2160 அளவுள்ள 4கே படத்தைத் திரட்டுகின்றன. 2 கோடிப் பிக்சல்களிலிருந்து 83 லட்சம். இதில் கிடைக்கும் நுணுக்கமும் அடக்கமும் கண்ணுக்கே தெரியும். சில கேமராக்கள் வேறு வழியைப் பிடித்தன: சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்வது. 2016-இல் வந்த 5டி மார்க் 4-இன் அகலம் 6720 பிக்சல்; 4கே வீடியோவுக்கு அதில் நடுவிலுள்ள 4096 மட்டுமே பயன்பட்டது. படம் கூர்மையாக இருக்கும். ஆனால் அகலமான லென்ஸ் வாங்கி வைத்திருப்பவருக்கு அந்த அகலம் காணாமல் போய்விடும்.

உங்கள் கையிலுள்ள கேமரா எந்த வழியில் போகிறது என்பதை விளம்பரத் தாள் நேராகச் சொல்வது அரிது. கண்டுபிடிக்க ஒரு சட்டை போதும். மெல்லிய கோடு போட்ட சட்டையையோ நெருக்கமாக நெய்த துணியையோ சுருக்கமில்லாமல் தொங்கவிடுங்கள். ட்ரைபாடில் கேமராவை வைத்து, கூர்மையான லென்ஸ் ஒன்றின் அபெர்ச்சரை எஃப்5.6 அளவில் வைத்து, துணியின் மேல் ஃபோகஸ் செய்யுங்கள். சொத்தையான லென்ஸ் இந்தச் சோதனையில் கேமராவைக் காப்பாற்றிவிடும். ஆகவே நல்ல லென்ஸ் முக்கியம். பதிவைத் தொடங்கிவிட்டு, துணியைப் பிடித்திருப்பவரைக் கேமராவிலிருந்து மெதுவாகப் பின்னால் நகரச் சொல்லுங்கள். ஃபோகஸ் அவரைத் தொடர வேண்டும். ஏதோ ஒரு தூரத்தில் துணியின் கோடுகள் சென்சாரின் வரிசைகளோடு முட்டிக்கொள்ளும் அளவுக்கு நெருங்கும். அங்கேதான் பார்க்க வேண்டும். சாம்பல் நிறமாகச் சமமாகக் கரைந்தால் நல்ல கேமரா. பச்சையும் ஊதாவுமாக அலைகள் கிளம்பித் துணி மேல் ஊர்ந்தால், வரிசை தாண்டிப் படிக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். கணினியில் பார்க்கும்போது படத்தைத் திரைக்குள் அடக்கிச் சிறிதாக்கிப் பார்க்காதீர்கள். சிறிதாக்கும் மென்பொருளே சிலசமயம் அலையை உண்டாக்கும். ஒரு பிக்சலுக்கு ஒரு பிக்சல் என்ற முழுஅளவில் பாருங்கள்.

இந்தச் சோதனையை ஒரே ஒரு அமைப்பில் செய்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. 25 பிரேமில் எல்லாப் பிக்சல்களையும் படிக்கிற கேமரா, 50-க்குப் போனதும் ஓரங்களை வெட்டிவிடலாம். 100-க்குப் போனால் வரிசைகளைத் தாண்டத் தொடங்கலாம். புகைப்பட நிலையில் படத்தின் இரு ஓரங்களும் சுவரில் விழும் இடங்களில் டேப் ஒட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொரு வேகமாக மாற்றிப் பார்த்தால், எங்கே எவ்வளவு வெட்டுகிறது என்பது ஐந்து நிமிடத்தில் வெளிச்சமாகிவிடும்.

மேலிருந்து கீழே இறங்கும் நேரம்

கேமரா ஏன் 50 பிரேமில் வெட்டுகிறது? பெரும்பாலான சென்சார்கள் முழுப் படத்தையும் ஒரே கணத்தில் படிப்பதில்லை. மேல் வரிசையில் தொடங்கிக் கீழ் வரிசை வரை ஒவ்வொன்றாகப் படித்து இறங்குகின்றன. நொடிக்கு 25 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்கு 40 மில்லிநொடி கிடைக்கும். 50 என்றால் 20 மட்டுமே. முழுச் சென்சாரையும் படிக்க 25 மில்லிநொடி எடுத்துக்கொள்ளும் கேமரா 25 பிரேமைத் தாராளமாகச் சமாளிக்கும். 50-க்கு அதனால் முடியாது; எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். ஆகவே இந்த ஒரு எண் தெரிந்தால் கேமராவின் பாதி ஜாதகம் கையில் வந்த மாதிரி. நிறுவனங்கள் இதைப் பொதுவாக அச்சிடுவதில்லை.

இந்தப் படிக்கும் நேரம் அதிகமாக இருந்தால் என்ன கெடும் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். கேமராவைப் பக்கவாட்டில் திருப்புகிறீர்கள். ஒரு மின்கம்பம் படத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இரண்டு நொடியில் நகர்கிறது. 3840 பிக்சல் அகலத்தை இரண்டு நொடியில் கடந்தால் நொடிக்கு 1920 பிக்சல். மேல் வரிசையைப் படித்ததற்கும் கீழ் வரிசையைப் படித்ததற்கும் இடையே 25 மில்லிநொடி ஓடிவிட்டது. அதற்குள் கம்பம் 48 பிக்சல் நகர்ந்திருக்கும். நிமிர்ந்து நின்ற கம்பம் அந்த அளவுக்குச் சாய்ந்து பதிவாகும். ரோலிங் ஷட்டர் என்பது இதுதான். நிதானமான திருப்பத்தில் பார்வையாளர் கவனிக்க மாட்டார். கையில் பிடித்து ஓடும்போதும் வண்டியில் கட்டிவைத்து எடுக்கும்போதும் படம் முழுவதும் கூழ்போல் குலுங்கும். அதை எந்த மென்பொருளாலும் முழுமையாகச் சரிசெய்ய முடியாது. வேறொருவர் பளிச்சென்று ஃபிளாஷ் அடித்தால் படத்தின் மேல்பாதி மட்டும் வெளுத்துக் கீழ்பாதி அப்படியே கிடப்பதும் இதே காரணத்தால்தான். மேடை நிகழ்ச்சி எடுப்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள்.

அந்த எண்ணை வீட்டிலேயே அளந்துவிடலாம் என்பது எனக்கு இன்றும் வியப்பூட்டுகிற விஷயம். மாறுமின்சாரத்தில் நேராக எரியும் மலிவான எல்இடி பல்புகள் பல, கண்ணுக்குத் தெரியாமல் அணைந்து எரிகின்றன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் நொடிக்கு 100 முறை, 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 120 முறை. அத்தகைய பல்பு ஒன்றின் ஒளி மட்டும் விழும் வெள்ளைச் சுவரைப் படத்தில் நிரப்புங்கள். ஷட்டரை, அதாவது ஒவ்வொரு பிரேமும் ஒளி வாங்கும் நேரத்தை, 1/2000 நொடிக்குக் கொண்டுபோங்கள். இருட்டானால் ஐஎஸ்ஓவை (ஒளியுணர்வு அளவை) ஏற்றிக்கொள்ளலாம், அழகு இங்கே தேவையில்லை. பதிவு செய்து ஒரு பிரேமை நிறுத்தினால் சுவரில் கிடைமட்டமாக வெளிச்சப் பட்டையும் இருட்டுப் பட்டையும் மாறிமாறித் தெரியும். ஒரு வெளிச்சப் பட்டையின் நடுவிலிருந்து அடுத்த வெளிச்சப் பட்டையின் நடுவரை ஒரு சுற்று. நொடிக்கு 100 என்றால் ஒரு சுற்றுக்கு 10 மில்லிநொடி. படத்தின் உயரத்தில் இரண்டு சுற்றுகள் அடங்கினால் கேமரா மேலிருந்து கீழே இறங்க 20 மில்லிநொடி. ஒன்றரை அடங்கினால் 15. ஒரு சுற்றுகூட முழுதாக அடங்காமல் பட்டையின் ஒரு துண்டு மட்டும் தெரிந்தால் மிக வேகமான சென்சார். பட்டையே தெரியாவிட்டால் முதலில் பல்பைச் சந்தேகியுங்கள்: நல்ல மின்சுற்று உள்ள பல்புகள் சீராக எரியும். 2023 நவம்பரில் சோனி அறிவித்த ஏ9 மார்க் 3 போல, எல்லா வரிசைகளையும் ஒரே கணத்தில் பதிவுசெய்யும் சென்சாராக இருந்தால், பட்டை இல்லாமல் மொத்தச் சுவரின் வெளிச்சமும் ஒருசேரக் கூடிக்குறைந்து தெரியும்.

இதே பட்டைகள்தான் சாதாரணப் படப்பிடிப்பில் தொல்லையாக வருகின்றன. 50 ஹெர்ட்ஸ் விளக்கொளியில் ஷட்டர் 1/50 அல்லது 1/100 நொடியாக இருந்தால் ஒவ்வொரு வரிசையும் முழுச் சுற்றுகளையே வாங்கும், பட்டை மறைந்துவிடும். 25 பிரேமுக்கு 1/50 என்பது அசைவு இயல்பாகத் தெரிவதற்கும் ஏற்ற அளவு. ஆனால் இந்த 1/50 ஒரு விலை கேட்கிறது. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100-இல் 1/50 வைத்தால் அபெர்ச்சர் எஃப்22 வரை மூட வேண்டியிருக்கும். எஃப்4-இல் எடுக்க விரும்பினால் ஐந்து படி (ஒவ்வொரு படியும் ஒளியைப் பாதியாக்கும்) ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் என்ற கறுத்த கண்ணாடி வேண்டும். வண்ணத்தைப் பிறகு திருத்துவதற்காக லாக் முறையில் எடுத்தால், பல கேமராக்கள் ஐஎஸ்ஓவை 800-க்கு அருகே உயர்த்திவிடும். அப்போது எட்டுப் படி. ஒளியை 256-இல் ஒரு பங்காக்க வேண்டும். சினிமா கேமராக்கள் பலவற்றில் இந்த ஃபில்டர் உள்ளேயே உண்டு. ஸ்டில் கேமராவில் லென்ஸ் முன்னால் நாம் மாட்ட வேண்டும். சோதனைக்குக் கிளம்பும்போதே கையில் ஒன்று இருக்கட்டும். இல்லாவிட்டால் 1/2000-இல் வெட்டிவெட்டித் தெரியும் அசைவைக் கேமராவின் குற்றமாக எழுதிவிடுவோம்.

சூடு

நொடிக்கு 50 முறை 2 கோடிப் பிக்சல்களைப் படிப்பதும் சுருக்குவதும் மின்சாரத்தைத் தின்னும் வேலை. தின்ற மின்சாரம் சூடாக வெளியேற வேண்டும். தூசியும் மழையும் புகாமல் மூடிய சின்ன உடலுக்குள் அந்தச் சூட்டுக்குப் போக்கிடம் இல்லை. 2020 ஜூலையில் கேனான் ஆர்5 வந்தபோது 8கே (4கே-யைப்போல் நான்கு மடங்கு பிக்சல்) வீடியோ எடுக்கும் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமரா என்று உலகமே பேசியது. கூடவே, 8கே பதிவு சுமார் 20 நிமிடத்தில் சூட்டினால் நின்றுவிடும் என்ற கணக்கை நிறுவனமே வெளியிட்டது. 2022-இல் அதே கேமராவின் ஆர்5 சி வடிவம் உள்ளே மின்விசிறியோடு வந்தது.

சூட்டைச் சோதிப்பவர்கள் கேமரா நிற்கும்வரை ஓடவிட்டு, நின்ற நிமிடத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அடுத்த எண். நின்றபின் பத்து நிமிடம் அணைத்து வைத்துவிட்டு மறுபடி தொடங்கினால் எவ்வளவு நேரம் ஓடுகிறது? முதல் ஓட்டத்தில் 40 நிமிடம் தந்துவிட்டு இரண்டாம் ஓட்டத்தில் ஆறு நிமிடத்தில் படுத்துவிடும் கேமராவை நம்பி ஒரு பேட்டிக்குப் போக முடியாது. 25 நிமிடம் ஓடி, சற்று ஆறியதும் மறுபடி 20 தரும் கேமராவோடு திட்டமிட்டு வேலை செய்யலாம். அறையின் வெப்பநிலையைக் கண்டிப்பாக எழுதி வையுங்கள். நிறுவனங்கள் சொல்லும் நேரங்கள் பெரும்பாலும் 23 டிகிரி செல்சியஸ் அளவில் எடுத்தவை. 35 டிகிரி வெயிலில் கறுப்பு உடல் என்ன ஆகும் என்பது வேறு கதை. திரையை உடலோடு ஒட்டி மூடாமல் வெளியே விரித்து வைத்தால் பின்பக்கச் சூடு எளிதாகப் போகும். சில கேமராக்களில் எந்தச் சூட்டில் அணைய வேண்டும் என்பதை மாற்றும் அமைப்பு உண்டு. தொடக்கத்தில் அது கட்டுப்பாடான நிலையில் இருக்கும். சோதிக்கும்முன் அதைத் தேடிப் பாருங்கள்.

சூட்டுக்குச் சம்பந்தமே இல்லாமல் 29 நிமிடம் 59 நொடியில் நிற்கும் கேமராக்களும் உண்டு. தொடர்ச்சியாக 30 நிமிடமோ அதற்கு மேலோ பதிவுசெய்யும் கருவியை வீடியோ கேமரா என்று வகைப்படுத்தி ஐரோப்பிய ஒன்றியம் சுங்கவரி விதித்துவந்தது. அந்த வரிக்குத் தப்பவே நிறுவனங்கள் இந்த எல்லையை வைத்தன. புதிய கேமராக்கள் பலவற்றில் அது இல்லை. பழைய கேமரா வாங்குகிறவர்கள் இந்த இரு நிறுத்தங்களையும் குழப்பிக்கொள்ளக் கூடாது: வரிக்காக நின்ற கேமராவை அடுத்த நொடியே மறுபடி தொடங்கலாம்.

அசையும்போது கெடும் படம்

கோடுகளும் எழுத்துகளும் அச்சிட்ட சோதனை அட்டையை வைத்து எடுத்த வீடியோ எப்போதும் அழகாகவே இருக்கும். இதில் கேமராவின் பெருமை குறைவு. வீடியோவைச் சுருக்கும் முறை பெரும்பாலும் ஒரு முழுப் பிரேமைச் சேமித்துவிட்டு, அடுத்து வருபவற்றில் எது மாறியது என்பதை மட்டும் எழுதிக்கொண்டு போகிறது. அசையாத அட்டையில் மாறுவதற்கு ஒன்றுமே இல்லை. ஒதுக்கிய இடம் முழுவதும் நுணுக்கத்துக்கே கிடைத்துவிடும். காற்றில் ஆடும் இலைகள், மழைத்துளி விழும் நீர்ப்பரப்பு, புல்வெளி மேல் நகரும் கேமரா ஆகியவற்றில் ஒவ்வொரு பிரேமிலும் எல்லாமே மாறும். அப்போது கார்டில் நொடிக்கு 100 மெகாபிட் எழுதினாலும் போதாமல் இலைகள் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். கேமராவை மெதுவாகத் திருப்பி நிறுத்துங்கள். திரும்பும்போது புல் மங்கி, நின்ற கால்நொடி கழித்துப் ‘பளிச்’சென்று கூர்மை திரும்பினால் சுருக்கம் திணறுகிறது என்று பொருள். உயர் ஐஎஸ்ஓவில் இது இன்னும் மோசமாகும். மணல்மணலான இரைச்சலைக் கேமரா முந்தைய பிரேம்களோடு ஒப்பிட்டுத் துடைக்கிறது. அசையும் தலைமுடியை அப்படித் துடைத்தால் பின்னால் ஒரு நிழல் இழுபடும். இதை நிறுத்திய பிரேமில் கண்டுபிடிப்பது கடினம். ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

8 பிட் பதிவில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள், 10 பிட்டில் 1024. சாதாரண வண்ணத்தில் எடுத்து அப்படியே வெளியிடுகிறவருக்கு 8 பிட் போதும். லாக் முறையில் எடுத்து வண்ணத்தை இழுத்து மாற்றப் போகிறவர், மாலை வானத்தை எடுத்து எடிட்டிங்கில் மாறுபாட்டைக் கூட்டிப் பார்க்கட்டும். வானம் படிப்படியாக அடுக்குப் பிரிந்தால் அந்தக் கேமராவில் லாக் இருந்தும் பயனில்லை.

ஃபோகஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் சோதிப்பது அதுதான். ஆரம்பக் காலத்தில் வீடியோவில் தானியங்கி ஃபோகஸ் என்பது தேடித்தேடி அலைவதாகவே இருந்தது. ஒவ்வொரு பிக்சலையும் இரண்டாகப் பிரித்துத் தூரத்தை அறியும் முறை, 2013-இல் கேனான் 70டி-யில் வந்தபின் நிலைமை மாறியது. இன்று கேமராவை நோக்கி நடந்துவரும் ஆளைப் பின்தொடர்வது பல கேமராக்களுக்கு எளிது. கடினமானது, அசையாமல் உட்கார்ந்து பேசுபவர். பத்து நிமிடப் பேச்சில் ஃபோகஸ் ஒருமுறைகூடத் துடிக்காமல் இருக்கிறதா? அவர் கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து எடுத்தால் முகத்துக்கே திரும்புகிறதா, பின்சுவருக்கு ஓடுகிறதா? கூடவே பின்புலத்தின் ஓரங்களையும் கவனியுங்கள். புகைப்பட லென்ஸ்கள் பலவற்றில் ஃபோகஸ் நகரும்போது படமே சற்றுப் பெரிதாகிச் சிறிதாகும்.

சென்சாரை மிதக்கவிட்டு அதிர்வைத் தணிக்கும் வசதியை நின்றபடி சோதித்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். அகன்ற லென்ஸ் போட்டு நடங்கள். நடுப்பகுதி அமைதியாக இருக்க, நான்கு மூலைகளும் துணிபோல் அசைவதைப் பல கேமராக்களில் பார்க்கலாம். திருப்பத் தொடங்கும் கணத்தையும் பாருங்கள்: கேமரா அதை அதிர்வு என்று நினைத்து முதலில் எதிர்த்துவிட்டுப் பிறகு சட்டென்று விடும்.

ஒலி

ஸ்டில் கேமராவின் மிகப் பலவீனமான உறுப்பு இதுதான் என்பேன்; சோதனைகளில் கடைசி வரியில் தள்ளப்படுவதும் இதுவே. ஒலி அளவைக் கேமராவே பார்த்துக்கொள்ளும் நிலையில், அமைதியான அறையில் ஒருவர் பேசிவிட்டு ஐந்து நொடி நிறுத்தட்டும். அந்த ஐந்து நொடியில் ‘உஸ்’ஸென்ற இரைச்சல் மெல்ல மேலெழுந்து, மறுபடி பேசியதும் அமுங்குவதை ஹெட்போனில் கேட்கலாம். பேச்சு இல்லை என்றதும் கேமரா ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறது. ஆகவே கையால் அளவு வைக்க முடிகிறதா, ஹெட்போன் மாட்ட இடம் இருக்கிறதா என்பவை அலங்கார வசதிகள் அல்ல. அடுத்து, மைக்கைப் பிடுங்கிவிட்டு, கேமராவின் ஒலி அளவை முழுதாக ஏற்றியும் பாதியில் வைத்தும் பதிவுசெய்து இரைச்சலை ஒப்பிடுங்கள். ஏற்றும்போது இரைச்சல் வேகமாகக் கூடினால், மைக்கிலேயே ஒலியைப் பெருக்கி அனுப்பிக் கேமராவில் அளவைக் குறைத்து வைப்பதே வழி. லென்ஸின் ஃபோகஸ் மோட்டார் முனகுகிறதா என்பதையும் இப்போதே கேட்டுவிடலாம்.

தனி ரெக்கார்டரில் ஒலியைப் பதிவுசெய்து பிறகு சேர்ப்பவர்கள், குறுகிய துண்டில் ஒத்துப்போனதை வைத்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது. கேமராவும் ரெக்கார்டரும் தத்தம் கடிகாரத்தில் ஓடுகின்றன. ஒரு மணி நேரத்தில் ஒரு பிரேம், அதாவது 40 மில்லிநொடி விலகுவதற்கு, இரண்டு கடிகாரங்களுக்கும் இடையே பத்து லட்சத்தில் 11 பங்கு வேறுபாடு போதும். பதிவின் தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டுங்கள். ஒரு மணி நேரம் கழித்து நிறுத்துவதற்குமுன் மறுபடி தட்டுங்கள். முதல் தட்டலைப் பொருத்திவிட்டு இரண்டாவது எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஒரு பிரேம் விலகலை யாரும் கவனிக்க மாட்டார்கள். மூன்று நான்கு என்றால் உதடும் சொல்லும் பிரியும்.

அந்த ஒரு மணி நேரப் பதிவை வைத்தே இன்னொன்றையும் பார்த்துவிடலாம். பழைய முறையில் வடிவமைத்த கார்டுகளில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் ஏறக்குறைய ஐந்தரை நிமிடத்துக்கு ஒருமுறை கேமரா புதிய கோப்பைத் தொடங்கும். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகளில் இந்த எல்லை பெரும்பாலும் இல்லை என்றாலும், சில கேமராக்கள் பழக்கத்தை விடாமல் அவற்றிலும் உடைக்கின்றன. உடைவது குற்றமில்லை. இரண்டு கோப்புகளையும் எடிட்டிங்கில் அடுத்தடுத்து வைத்து, ஒட்டும் இடத்தில் ஒலியைப் பெரிதாக்கிக் கேளுங்கள். இடைவெளி இல்லாமல் ஓடினால் சரி. ‘டக்’கென்று ஒரு வெட்டு கேட்டால், அல்லது ஒரு சொல்லின் பாதி விழுங்கப்பட்டிருந்தால், நீண்ட நேரம் தொடர்ந்து ஓடும் கச்சேரிக்கோ உரைக்கோ அந்தக் கேமராவை எடுத்துப் போகாதீர்கள்.